குறட்டைக்கு ஒரு காப்பு

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். மூணாம் வருஷம். டெபிட், கிரெடிட் தவிர வேற எதுலயும் எனக்கு அதிகாரபூர்வமான அறிவு கிடையாது (என் காஸ்ட் அக்கவுண்டிங் மார்க்கைப் பார்த்தா அதுவும் சந்தேகம்தான்). ஆனா இந்த விஷயத்துல எனக்கு பயங்கர கோபம் இருக்கு. கோபப்பட டிகிரி தேவையில்லைங்கிறதால எழுதறேன்.

போன வாரம் கேன்டீன்ல உக்காந்து அரட்டை அடிச்சிட்டு இருந்தப்ப வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "கையில மெடிக்கல் ஐடி காப்பு ஒண்ணு போடலாம்னு இருக்கேன்டா"ன்னு சொல்லிட்டேன்.

"எதுக்கு?"

"ஸ்லீப் அப்னியாவுக்கு."

ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் மேஜையே குலுங்குற மாதிரி சிரிப்பு. "குறட்டைக்கு காப்பாடா? அப்ப ஏப்பத்துக்கு மோதிரம் போடுவியா?"

நல்ல ஜோக்குதான். நானும் சேர்ந்து சிரிச்சேன். ரூமுக்கு வந்து படுத்தப்புறம்தான் எரிஞ்சுது. சிரிச்சவங்க எல்லாரும் என் நண்பர்கள்தான், அதனால பேர் போடலை. உங்களுக்கே தெரியும் நீங்க யாருன்னு :-)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தூங்கும்போது தொண்டைக்குள்ள இருக்கிற சதை தளர்ந்து மூச்சுக்குழாய் வழியை அடைச்சுக்கும். நெஞ்சு மேல கீழ ஏறி இறங்கும், ஆனா காத்து உள்ள போகாது. குறைஞ்சது 10 செகண்ட் அப்படி நின்னா அதை ஒரு தடவைன்னு கணக்கு வைக்கிறாங்க. மூச்சு முழுசா நிக்காம பாதி அடைச்சாலும் கணக்குல சேரும். மணிக்கு 5 தடவைக்கு மேல போனா வியாதி, 15-க்கு மேல நடுத்தரம், 30-க்கு மேல தீவிரம். எனக்கு வந்த நம்பர் 34. ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 34-ஐ ஏழால பெருக்கினா 238. ஒரு ராத்திரிக்கு 238 தடவை என் மூளை "டேய், செத்துடப் போற, எந்திரி"ன்னு என்னை உலுக்கி எழுப்புது. காலையில எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. முதல் பீரியட்ல தூங்கி விழுவேன், அவ்வளவுதான். நான் சோம்பேறின்னு மூணு வருஷமா நம்பிட்டு இருந்த பேராசிரியப் பெருமக்கள் கவனிக்க.

இன்னொண்ணு, நான் குண்டு கிடையாது. என்னைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். எனக்குத் தாடை சின்னது, பின்னாடி தள்ளி இருக்கு. எங்க அப்பாவுக்கும் அதே தாடை. நம்ம ஆசியாக்காரங்க பல பேருக்கு உடம்பு போடாமலே இது வர்றதுக்கு முக அமைப்பும் ஒரு காரணம். 2019-ல லான்செட் குழும மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த மதிப்பீட்டின்படி உலகத்துல 30-லிருந்து 69 வயசுக்குள்ள சுமார் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இது இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறதே தெரியாது. பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க "அசதியில நல்லா தூங்குறார்"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவாங்க.

இப்ப அப்பா கதைக்கு வரேன். கோபம் அங்கதான் ஆரம்பம்.

அப்பாவுக்கு விருதுநகர் பக்கம் மளிகைக் கடை. மதிய நேரம் கல்லாவுலயே தூங்கிடுவார். 2022-ல ஒரு டாக்டர் பிடிவாதமா டெஸ்ட் எடுக்க வச்சு, நோய் இருக்குன்னு தெரிஞ்சு, சிபாப் மெஷினும் வாங்கினோம். மூக்குல மாஸ்க் மாட்டி, தொண்டை ஒட்டிக்காம காத்தை அழுத்தி உள்ள அனுப்புற மெஷின். 1981-ல சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த வைத்தியம், இன்னைக்கும் இதுதான் முதல் வைத்தியம். அப்பா ஒரு மாசம் மாட்டினார். அப்புறம் வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்து நாலு நாள் தங்கினாங்க. "அவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க, ஆக்சிஜன் வச்சிருக்கார்னு ஊர் பூரா சொல்லிடுவாங்க"ன்னு அம்மா மெஷினைத் தூக்கிப் பரண்ல வச்சாங்க. சொந்தக்காரங்க போயிட்டாங்க. மெஷின் இறங்கலை.

2024 ஆவணியில அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு உடைஞ்சுது. ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பிற்பாடு தேடினப்பதான் தெரிஞ்சுது, அது உலகம் பூரா கேக்குற 8 கேள்வி. 2008-ல டொராண்டோவுல பிரான்சிஸ் சங்கிற மயக்கவியல் பேராசிரியர் குழு வெளியிட்டது. முதல் கேள்வியே சத்தமா குறட்டை விடுவீங்களாங்கிறதுதான். அப்புறம் பகல்ல அசதியா, தூக்கத்துல மூச்சு நின்னதை யாராவது பார்த்தாங்களா, பிபி இருக்கா, கழுத்து 40 செண்டிமீட்டருக்கு மேலயான்னு போகும்.

அப்பா வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா சொன்னாங்க: "எல்லாரையும் போல லேசா விடுவார் சார். வேற ஒண்ணும் இல்லை. சுகர் மட்டும்தான்."

நானும் அங்கதான் நின்னேன். நானும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு சரியான பதில் இல்லை. அம்மா சொல்லிட்டாங்க, டாக்டர் முன்னாடி எப்படி மறுத்துப் பேசுறதுன்னு இருந்திருக்கும். ரெண்டு வருஷமா பரண்ல கிடக்கிற ஒண்ணு வியாதின்னே மறந்து போயிருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ராத்திரி வலி தாங்கலைன்னு ஊசி போட்டாங்க. நான்தான் துணைக்கு இருந்தேன். கொஞ்ச நேரத்துல வழக்கமான குறட்டை. ஒரு ரெண்டு மணி வாக்குல குறட்டை நின்னுது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, இப்பதான் நிம்மதியா தூங்குறார்னு நினைச்சேன். போர்வையை இழுத்து விட்டேன்!!! டிரிப்ஸ் பாட்டில் மாத்த வந்த நர்ஸ் அக்கா முகத்தைப் பார்த்துட்டு, விரல்ல கிளிப்பை மாட்டினாங்க. 68. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாத்தான் ஞாபகம். கட்டிலை நிமித்தினாங்க, தாடையைத் தூக்கிப் பிடிச்சாங்க, ஆக்சிஜன், யாரோ ஓடி வந்தாங்க, போட்ட ஊசியை முறிக்க இன்னொரு ஊசி, ஐசியூ. மூணு நாள் இருந்தார். பிழைச்சுட்டார்.

ஐசியூ வாசல்ல அந்த நர்ஸ் அக்கா கேட்டாங்க, "இவருக்கு ஸ்லீப் அப்னியா இருக்கா?" அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான்தான் ஆமான்னு சொன்னேன். ஒரு நாள் லேட்டா.

இதுல ஆஸ்பத்திரி மேல ஒரு தப்பும் கிடையாது. அவங்க கேட்டாங்க. நாங்கதான் பொய் சொன்னோம். தூக்கத்துல மூச்சு அடைச்சா நம்மளை எழுப்புறதுக்கு மூளைக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வச்சுக்கோங்க. மார்ஃபின் மாதிரி வலி ஊசி, தூக்க மாத்திரை, மயக்க மருந்து, ஏன் சாராயம் கூட, அந்த வாட்ச்மேனையே தூங்க வச்சிடும். தொண்டையையும் இன்னும் தளர்த்தும். முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா ஊசியோட அளவைக் குறைச்சிருப்பாங்க, வேற மருந்து பார்த்திருப்பாங்க, மல்லாக்கப் படுக்க வைக்காம சாய்ச்சு வச்சிருப்பாங்க, விரல் கிளிப்பை ராத்திரி பூரா கழட்டியிருக்க மாட்டாங்க, வீட்டு மெஷினை எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பாங்க. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2006-லயே இதுக்கு வழிமுறை போட்டு 2014-ல புதுப்பிச்சும் இருக்கு. எல்லாத்துக்கும் வழி இருக்கு. "குறட்டை உண்டா"ங்கிற கேள்விக்கு உண்மையான பதில் மட்டும்தான் நம்ம பங்கு.

அப்பா டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் என் தாடையை ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, நீ எப்படி, குறட்டை விடுவியா?"ன்னு கேட்டார். அதுக்கு முந்தின மாசம்தான் என் ரூம்மேட் என் குறட்டையை ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப் குரூப்ல "விவசாயி மகன் டிராக்டர்"ன்னு போட்டிருந்தான் (நான் விவசாயி மகன் கூட இல்லை). அதை டாக்டருக்குப் போட்டுக் காட்டினேன். டெஸ்ட். 34.

ஆக, இதுதான் நான் காப்பு போடணும்னு சொன்ன கதை. இப்ப வேண்டாம்னு சொல்றவங்க கட்சிக்கு வருவோம். நாலு கட்சி இருக்கு. அதுல ஒண்ணுக்குத்தான் நான் மரியாதை தருவேன்.

அந்த மரியாதைக்குரியவன் எங்க பெரியம்மா பையன், ஹவுஸ் சர்ஜனா இருக்கிற அண்ணன். அவன் சொன்னது இது. "ரோட்டுல நீ மயங்கிக் கிடந்தா, 108-ல வர்றவங்க காப்பு இருந்தாலும் இல்லைன்னாலும் முதல்ல மூச்சைத்தான் பார்ப்பாங்க. சுகர், வலிப்பு, பென்சிலின் அலர்ஜி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இதெல்லாம் முதல் பத்து நிமிஷ வைத்தியத்தையே மாத்தும். அதுக்குக் காப்பு போட்டா அர்த்தம் இருக்கு. உன் வியாதி அந்தப் பத்து நிமிஷத்துல பெருசா எதையும் மாத்தாது. இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு முன்னாடி நகைநட்டோட சேர்த்து அந்தக் காப்பையும் கழட்டிடுவாங்க."

நியாயமான பேச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன். உலகத்தோட முதல் மெடிக்கல் ஐடிகள்ல ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு படிச்சேன். 1953-ல கலிபோர்னியாவுல டர்லாக்ங்கிற ஊர்ல லிண்டா காலின்ஸ்னு 14 வயசுப் பொண்ணுக்கு விரல்ல வெட்டுக்காயம். டெட்டனஸ் ஊசி ஒத்துக்குமான்னு பார்க்க வச்ச ஒரு சொட்டு மருந்துக்கே உயிர் போற அளவுக்கு அலர்ஜி. பிழைச்சா. அவ அப்பா மரியன் காலின்ஸும் டாக்டர்தான். மகள் தனியா எங்கயாவது அடிபட்டுக் கிடந்தா யார் இதை டாக்டர்கிட்ட சொல்லுவாங்கங்கிற பயத்துல பொறந்ததுதான் அந்தக் கைச்சங்கிலி. 1956-ல அதை மெடிக்அலர்ட்டுங்கிற அமைப்பாவே ஆக்கினாங்க.

அதைப் படிச்சப்ப எனக்குப் பட்டது வேற. லிண்டாவுக்குத் தேவைப்பட்டது, அவளால பேச முடியாதப்ப பேசுறதுக்கு ஒண்ணு. எங்க வீட்ல எல்லாருக்கும் பேச முடியும். அப்பாவுக்கு முழு நினைவு இருந்துச்சு, அம்மா பக்கத்துல, நான் பக்கத்துல. மூணு வாய் இருந்தும் பொய்தான் வந்துச்சு. அண்ணா, நீ சொல்றது முதல் பத்து நிமிஷம். எங்க அப்பாவுக்கு ஆபத்து வந்தது ஆபரேஷன் முடிஞ்சு பத்து மணி நேரம் கழிச்சு, வார்டுல, ராத்திரி ரெண்டு மணிக்கு. காப்பைக் கழட்டுவாங்கன்னா கழட்டட்டும். கழட்டுறவங்க அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சா போதும், கேஸ் ஷீட்ல ஏறிடும். நான் மயக்கத்துல இருந்தாலும் சரி, எங்க அம்மா எனக்கு முன்னாடி முந்திக்கிட்டு "எல்லாரையும் போலத்தான் சார்"னு சொன்னாலும் சரி, என் கை மாத்திப் பேசாது.

ரெண்டாவது கட்சி எங்க மாமா. அம்மாவோட தம்பி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். (கம்பெனி பேர் வேண்டாம். எல்லாக் கம்பெனியிலயும் ஒரு மாமா இருப்பார்.) "டேய், காப்பு கீப்பு போட்டுத் திரிஞ்சா நாளைக்கு உனக்கு ஹெல்த் பாலிசி எடுக்கும்போது மாட்டிக்குவ. எழுதாத. அஞ்சு வருஷம் வாயை மூடிட்டு பிரீமியம் கட்டு. அப்புறம் எவனும் கேட்க முடியாது."

வாங்க மாமா. இது என் ஏரியா. இன்சூரன்ஸ் பாடத்துல முதல் அத்தியாயம் என்ன? உச்ச நன்னம்பிக்கை. தெரிஞ்ச முக்கியமான விஷயத்தை ஒளிக்காம சொல்லணும்ங்கிறது ஒப்பந்தத்தோட அஸ்திவாரம். நாங்க அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோம், மாமா அதை மறைக்கிறதுக்குக் கமிஷன் வாங்குறார். சரி, தர்மத்தை விடுங்க, கணக்கையாவது பார்ப்போம். 2024-ல ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதிப்படி, ஏற்கனவே இருக்கிற நோயைச் சொல்லிட்டுப் பாலிசி எடுத்தா அதிகபட்சம் மூணு வருஷம்தான் காத்திருப்பு. மாமா சொல்ற அஞ்சு வருஷமும் அதே விதியிலதான் வருது, ஆனா மோசடின்னு நிரூபிச்சா அதுக்கப்புறமும் கிளெய்மை மறுக்கலாம்னு சேர்த்தே எழுதியிருக்கு. சொன்னா மூணு, மறைச்சா அஞ்சு, அதுவும் பயந்துக்கிட்டே. சொன்னா பிரீமியம் கொஞ்சம் கூடலாம், சில கம்பெனி பாலிசியே தர மாட்டேங்கலாம், இல்லைங்கலை. ஆனா மறைச்சு எடுத்த பாலிசிக்குக் கட்டுற காசை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு மாமாதான் சொல்லணும். சூதாட்டச் செலவுன்னு எங்க சிலபஸ்ல ஒரு தலைப்பு இல்லை.

"குறட்டை ஒரு வியாதியா"ன்னு மாமாவே இன்னொரு நாள் கேட்டார். அவர் விக்கிற பாலிசிகள்லயே, எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எப்ப காசு தருவோம்ங்கிற பகுதியில, இதய நோய்க்குப் பக்கத்துல தீவிர ஸ்லீப் அப்னியான்னு அச்சடிச்சிருக்கும். படிக்காம விக்கிறார்.

மூணாவது கட்சி அம்மா. கோபமா எழுதணும்னு உக்காந்தேன், ஆனா அம்மாவைப் பத்தி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது. அவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணு: "நாளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" எனக்கு 21 வயசு. வேலையே இல்லை. ஆனாலும் அவங்களுக்கு அந்தப் பயம் நிஜம். தங்கச்சி வேற இருக்கா. அண்ணனுக்கு வியாதின்னா அவளுக்கும் இருக்குமோன்னு கேப்பாங்களாம். அப்பா மெஷின் பரணுக்குப் போனதும் இதே பயத்துலதான். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், செவ்வாய் எங்க நிக்குதுன்னு பார்க்கிறோம், மூச்சு எங்க நிக்குதுன்னு மட்டும் கேக்கக் கூடாது. அதுவும் இந்த வியாதியைப் போய் பொண்ணு வீட்ல மறைக்க முடியுமா? முதல் ராத்திரியே தெரிஞ்சிடுமே அம்மா!

எங்க வீட்ல யாருக்கும் உடம்புல கயிறு கட்டுறது புதுசு இல்லைங்கிறதுதான் வேடிக்கை. அப்பா இடுப்புல அரைஞாண் கயிறு, அதுல ஒரு தாயத்து. என் வலது கையில கோயில் கயிறு மூணு கலர்ல. கண்ணுக்குத் தெரியாத திருஷ்டிக்கு பட்டவர்த்தனமா கட்டுவோம், ஸ்லீப் லேப்ல பேப்பர்ல அச்சடிச்சுக் குடுத்த நோய்க்குக் கட்ட வெட்கம். நான் கயிறை அவுக்கச் சொல்லலை. அதுக்குப் பக்கத்துல இடம் இருக்குன்னுதான் சொல்றேன்.

நாலாவது கட்சி நீங்கதான், கேன்டீன் கட்சி. "சும்மா குறட்டைடா." 2016 டிசம்பர்ல செத்துப்போன ஸ்டார் வார்ஸ் நடிகை கேரி ஃபிஷரோட பிரேதப் பரிசோதனை முடிவுல, மத்த காரணங்களோட சேர்த்து ஸ்லீப் அப்னியான்னும் எழுதியிருந்தாங்க. 2022 பிப்ரவரியில மும்பையில பப்பி லஹரி போனப்ப ஆஸ்பத்திரி தரப்புல சொன்ன காரணமும் இதுதான். டிஸ்கோ பாட்டுக்கு நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஆடுறீங்களே, அவர்தான். செய்தியில ஒரு நாள் ஓடுச்சு. அன்னைக்கும் "குறட்டையில செத்தாராம்"னு ஒருத்தன் சிரிச்சதைக் கேட்டேன்.

போன் லாக் ஸ்கிரீன்லயே மெடிக்கல் தகவல் போடலாமேன்னு ஒருத்தன் உருப்படியா கேட்டான். போட்டிருக்கேன். நீங்களும் போடுங்க, செலவு இல்லை. ஆனா விபத்துல முதல்ல உடையறதும் காணாமப் போறதும் போன்தான், அதனால அதை மட்டும் நம்ப நான் தயாரில்லை.

காப்பு விஷயம் என்ன ஆச்சு? ஆன்லைன்ல விக்கிறதோட விலையைப் பார்த்துட்டு, மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். குடத்துலயும் தட்டுலயும் பேர் வெட்டித் தருவாங்களே, அங்க. பட்டையான எவர்சில்வர் காப்பு ஒண்ணைக் குடுத்து, இங்கிலீஷ் எழுத்துல வெட்டணும்னு தாள்ல எழுதிக் காட்டினேன். தமிழ்ல வெட்டத்தான் ஆசை, ஆனா அதைப் படிக்கப் போற நர்ஸ் கேரளாக்காரங்களா இருக்கலாம், டாக்டர் வடக்கத்திக்காரரா இருக்கலாம். மூணு வரி. ஸ்லீப் அப்னியா, சிபாப் உபயோகிப்பவர். மயக்க மருந்து, வலி ஊசி கவனம். அப்பா போன் நம்பர்.

வெட்டுறவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு தாளை ரெண்டு தடவை படிச்சார். "தம்பி, இந்த அப்னியாங்கிறது யாரு, வடநாட்டுப் பொண்ணா?"

"இல்லண்ணே, வியாதி."

"எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு மெஷினை ஆன் பண்ணினார்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மறைக்காமத்தான் போட்டுட்டுப் போனேன். அம்மா சோறு போடும்போது பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டு கை கழுவினப்புறம் என் கையைப் பிடிச்சு எழுத்துக் கூட்டி மூணு வரியும் படிச்சாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும். போன் நம்பர் வரைக்கும் படிச்சுட்டு, "அப்பா நம்பர் எதுக்கு, அவர் கடையில இருந்தா எடுக்க மாட்டார். என் நம்பரை வெட்டச் சொல்லு"ன்னாங்க.

அப்புறம் அடுப்படிக்குள்ள போயிட்டு, திரும்பி வந்து, "அப்பாவுக்கும் ஒண்ணு வெட்டிட்டு வா. மாமாகிட்ட சொல்லிக்க வேண்டாம்."